பல் டாக்டர் பார்த்த கதை

மகனின் புத்தகப் பையைத் துவைக்கலாம் என்று கவிழ்த்தேன். பென்சில் தூள், இரண்டு புளியங்கொட்டை, கூடவே நான்காக மடித்த ஒரு மஞ்சள் சீட்டு. ஓரமெல்லாம் எண்ணெய் இறங்கிப்போயிருந்தது. பிரித்துப் பார்த்தால், மேலும் கீழுமாகப் பல் வரிசைப் படம், அதில் மூன்று பல்லுக்குச் சிவப்பு மையில் வட்டம், அடியில் ஆங்கிலத்தில் கிறுக்கலாக ஒரு வரி. பள்ளியில் நடந்த பல் பரிசோதனை முகாமில் கொடுத்த சீட்டு. தேதியைப் பார்த்தேன். ஏழு மாதம் முந்தையது.

"ஏன்டா எங்கிட்ட குடுக்கல?"

"எல்லாருக்கும் குடுத்தாங்கம்மா. யாருமே வீட்ல குடுக்கல."

அவன் அப்போது இரண்டாம் வகுப்பு. தர்மபுரி மாவட்டத்தில் ஒரு அரசு நடுநிலைப் பள்ளி. ஊர்ப் பெயர் வேண்டாம், படிக்கிறவர்களில் பாதிப் பேருக்கு எப்படியும் தெரிந்துவிடும். நான் பள்ளி மேலாண்மைக் குழுவில் சேர்ந்து அப்போது நான்கு மாதம். 2009 கல்வி உரிமைச் சட்டத்தின்படி இந்தக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். சட்டத்தில் அப்படி. நடப்பில் டீ, மிக்சர், தீர்மானப் பதிவேட்டில் கையெழுத்து, ஆறு மணிக்குள் வீடு. அந்த வெள்ளிக்கிழமை நான் மஞ்சள் சீட்டை எடுத்து மேசைமேல் வைத்தேன். அடுத்த நாள் மற்ற அம்மாக்கள் வீட்டுப் பைகளைக் கவிழ்த்ததில் இன்னும் பதினோரு சீட்டு வந்தது. ஒன்று ராக்கெட்டாக மடிக்கப்பட்டிருந்தது.

பன்னிரண்டு பேரில் ஒரே ஒரு அம்மா மட்டும்தான் பிள்ளையை டாக்டரிடம் காட்டியிருந்தார். டவுனில் ஒரு கிளினிக்கில் வேர் சிகிச்சைக்கு நாலாயிரம் என்றதும் திரும்பி வந்து கிராம்புத் தைலம் வாங்கிவிட்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. நான் சீட்டையே பார்க்கவில்லை.

அந்த முகாமைப் பற்றி இன்னொரு விஷயம் காலை உணவு சமைக்கிற அக்கா சொல்லித்தான் தெரிந்தது. வந்தவர்கள் கொண்டுவந்தது இரண்டே இரண்டு வாய்க் கண்ணாடி. ஒரு கிண்ணத்தில் மருந்து வாசனை அடிக்கும் தண்ணீர். "ஒரு புள்ள வாயில வுட்டத அதுல அலசிட்டு அடுத்த புள்ள வாயில வுடறாங்க. என் கரண்டியக்கூட நான் அப்படிப் பண்ண மாட்டேன்" என்றார். மதியத்துக்குள் பள்ளி முழுக்கப் பார்த்து முடித்து, பேனர் முன்னால் பிள்ளைகளை நிற்க வைத்து, வாயைத் திறக்கச் சொல்லிப் போட்டோ எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அந்தக் குழு எதுவென்று இங்கே எழுதப்போவதில்லை. அவர்களைப் போலப் பத்துக் குழு இருக்கும்.

சரி, அடுத்த முறை யாரைக் கூப்பிடுவது? பள்ளிக்கு வரும் கடிதங்களைத் தலைமை ஆசிரியை எடுத்துப் போட்டார். பக்கத்து மாவட்டத்துத் தனியார் பல் மருத்துவக் கல்லூரி ஒன்று. டவுனில் புதிதாகத் திறந்த கிளினிக் ஒன்று. பிரஷ்ஷும் சின்ன பேஸ்ட்டும் கொடுத்து, பல் தேய்ப்பது எப்படி என்று ஒரு மணி நேரம் படம் காட்டுகிற ஒரு நிறுவனம். கடைசியில் சொன்னதை அங்கேயே ஓரமாக வைத்தோம். பிரஷ் வந்தால் வாங்கிக்கொள்ளலாம், அதற்குக் கூட்டம் போட வேண்டியதில்லை. ஆனால் நாலாவதாக ஒரு ஆள் இருப்பதை எல்லோருமே மறந்துவிட்டிருந்தோம். பள்ளிக்கு வருஷத்துக்கு ஒருமுறை அரசு ஜீப்பில் வருகிற மருத்துவக் குழு. ஆர்.பி.எஸ்.கே. என்பார்கள். 2013-இல் மத்திய அரசு தொடங்கிய திட்டம். பிறந்ததிலிருந்து பதினெட்டு வயது வரை பிள்ளைகளைப் பரிசோதித்து, குறை இருந்தால் மேல்சிகிச்சைக்கு அனுப்புவது அவர்கள் வேலை. அவர்கள் பட்டியலில் பல் நோயும் உண்டு. அவர்கள் எழுதிக் கொடுத்தால் மாவட்டத் தலைநகரில் இப்படி அனுப்புகிற பிள்ளைகளைப் பார்க்கவென்றே இருக்கிற இடையீட்டு மையத்துக்குப் போகலாம், காசு கிடையாது. நமக்கு ரத்த சோகை மாத்திரைக்கார ஜீப் என்றுதான் அது ஞாபகம்.

அதற்கப்புறம் ஒரு மாதம் நடந்தது, மாப்பிள்ளை பார்க்கிற மாதிரிதான்.

இந்த இடத்தில் எங்கள் மாவட்டத்துப் பல்லைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். வெளியூர்க்காரர்களுக்கு அது புரியாமல் மற்றது புரியாது. எனக்கு முன்பல் நான்கும் காவி. சுண்ணாம்பு அடித்த சுவரில் மழை வழிந்த மாதிரி, வெள்ளைத் திட்டு, நடுவில் பழுப்புக் கோடு. கல்யாண ஆல்பத்தில் ஒரு படத்திலும் நான் வாய் திறந்து சிரிக்கவில்லை. காரணம் தண்ணீர். எங்கள் பாறைக்கு அடியில் இருந்து வருகிற தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது அளவு. எங்கள் பக்கத்து போர் தண்ணீர் பல இடங்களில் அதைத் தாண்டும். பால்பல் வாயில் இருக்கும்போதே ஈறுக்குள் நிலைப்பல் உருவாகிக்கொண்டிருக்கும். அந்த வயதில் இந்தத் தண்ணீரைக் குடித்தால் எனாமல் பழுதாகவே முளைக்கும். அப்புறம் என்ன தேய்த்தாலும் போகாது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் 2013-இலிருந்து காவிரித் தண்ணீர் வருகிறது, அதனால் என் மகன் தலைமுறைக்குப் பரவாயில்லை. ஆனால் குழாயில் தண்ணீர் வராத நாளில் போர் தண்ணீர்தான்.

பெரிய ஊர்களில் இருந்து வருகிற டாக்டர்கள் சிலருக்கு இது அழுக்காகத் தெரிகிறது. நான் ஏழாவது படிக்கும்போது ஒருவர் வகுப்பு முன்னால் நிறுத்தி, "காலையில பல் தேய்ப்பியாம்மா?" என்று கேட்டார். அன்றைக்கு நான் இரண்டு முறை தேய்த்துவிட்டுப் போயிருந்தேன், டாக்டர் வருகிறார் என்று.

அதனால் டாக்டர் பார்க்கப் போன இடமெல்லாம் என் பல்லையே கேள்வித்தாளாக வைத்தேன். வேறு பேச்சு பேசிக்கொண்டே, "எனக்கு ஏங்க பல்லு இப்படி இருக்கு?" என்பேன். கிளினிக்கில் இருந்தவர், "ஒரு சிட்டிங் கிளீனிங் பண்ணா பளிச்னு ஆயிடும், உங்களுக்கு டிஸ்கவுன்ட் போட்டுத் தரேன்" என்றார். முகம் மாறாமல் கேட்டுக்கொண்டேன். முகாம் இலவசம், ஒவ்வொரு பிள்ளைக்கும் தள்ளுபடி அட்டை தருவார்கள், பள்ளிச் சுவரில் பேனர் ஒரு மாதம் இருக்க வேண்டும். சொத்தை இருந்தால்? "கிளினிக் கூட்டிட்டு வரட்டும்." இருபது சதவீதம் தள்ளுபடி என்பது நாலாயிரத்தில் எண்ணூறு. நூறு நாள் வேலைக்குப் போகிற அம்மாவிடம் மீதி மூவாயிரத்து இருநூறைப் பற்றி யார் பேசுவது?

கல்லூரிக்கு நாங்கள் மூன்று பேர் போனோம். தலைமை ஆசிரியை, குழுத் தலைவியாக இருக்கிற அக்கா, நான். அவர்கள் காரில் அழைத்துப் போகிறோம் என்றார்கள். வேண்டாம், நோயாளிகளை ஏற்றுகிற பஸ்ஸிலேயே வருகிறோம் என்று சொல்லிவிட்டோம். பிள்ளைகள் அதில்தானே வரப்போகிறார்கள். ஒன்றரை மணி நேரம், இரண்டு இடத்தில் வாந்தி வருகிற வளைவு.

பல் மருத்துவக் கல்லூரிகள் ஏன் ஊர் ஊராகப் பஸ் விடுகின்றன என்று குழுவில் பெரிய வாக்குவாதமே நடந்தது. பதில் எளிது. பல் மருத்துவப் படிப்பு நான்கு வருஷம், அப்புறம் ஒரு வருஷம் பயிற்சி. மாணவர்கள் இத்தனை சொத்தை அடைக்க வேண்டும், இத்தனை பல் எடுக்க வேண்டும், பிள்ளைகளுக்குத் தனியாக இத்தனை பார்க்க வேண்டும் என்று கணக்கு இருக்கிறது. வாய் இல்லாமல் படிப்பு இல்லை. "அப்ப நம்ம புள்ளைங்கள வெச்சுத் தொழில் கத்துக்கறாங்களா?" என்று ஒரு அப்பா எழுந்தார். ஆமாம் என்றேன். அதில் எனக்குப் பெரிய வருத்தம் இல்லை. அவர்களுக்கு நம்மிடம் ஒரு தேவை இருக்கிறது, அதை மறைக்கவும் இல்லை. தேவை இருக்கிற ஆளிடம் நாலு நிபந்தனை போடலாம். 'சேவை செய்ய வந்தோம்' என்று வருகிறவரிடம் ஒரு கேள்வி கேட்டால்கூட நன்றி கெட்டவளாகிவிடுவோம்.

பிள்ளைகள் பிரிவின் சுவரில் யானை, முயல் எல்லாம் வரைந்திருந்தது. எனக்கு அதைவிடப் பிடித்தது ஒரு காகித உறை. கண்ணாடி, ஊசிமுனைக் கருவி, இடுக்கி, மூன்றும் ஒன்றாக ஒரு உறைக்குள். கிருமி நீக்குகிற நீராவி இயந்திரத்துக்குள் போய் வந்தால் உறையின் ஓரத்தில் இருக்கிற பட்டை நிறம் மாறிவிடும். மாறாத உறையைப் பிரிக்கக் கூடாது. ஒரு வாய்க்கு ஒரு உறை. "நூத்தி எண்பது புள்ளைங்களுக்கு நூத்தி எண்பது உறை கொண்டு வருவீங்களா?" என்று கேட்டேன். அங்கிருந்த மேடம், "ஒரே நாளில் முடியாது, அறுபது அறுபதாக மூன்று நாள்" என்றார். முடியும் என்று உடனே சொல்லியிருந்தால்தான் சந்தேகப்பட்டிருப்பேன்.

மாணவர் கை வைக்கிற ஒவ்வொரு கட்டத்திலும் பேராசிரியர் வந்து பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகே அடுத்தது. நேரம் பிடிக்கும். டவுன் டாக்டர் இருபது நிமிஷத்தில் முடிப்பதற்கு இங்கே ஒன்றரை மணி நேரம் வாய் திறந்து கிடக்க வேண்டும். ஏழு வயதுப் பிள்ளைக்கு அது தண்டனைதான், மறைப்பதற்கில்லை.

என் கேள்வித்தாளுக்கு வருகிறேன். பொதுநலப் பல் மருத்துவப் பிரிவில் இருந்த பெரியவர் ஒருவரிடம் கேட்டேன். அவர் டார்ச் அடிக்கக்கூட இல்லை. "பொறந்தது வளர்ந்தது அங்கேயேவாம்மா? போர் தண்ணியா, கிணறா?" என்றார். எனக்கு அங்கேயே முடிவாகிவிட்டது. மற்ற இருவருக்கு இன்னும் ஆகவில்லை.

தலைவி அக்காவுக்கு ஒரு நியாயமான பயம். தண்ணீரில் இருந்த ஃபுளோரைடால்தான் பல் கெட்டது, இவர்களோ சொத்தை வராமல் இருக்கப் பிள்ளைகள் பல்லில் ஃபுளோரைடு வார்னிஷ் பூசுகிறோம் என்கிறார்கள், இது என்ன வேலை? அந்தப் பெரியவர் பொறுமையாகச் சொன்னார். வருஷக்கணக்கில் குடித்து உடம்புக்குள் போனதுதான் உள்ளே உருவாகிற பல்லைக் கெடுத்தது. முளைத்துவிட்ட பல்லின் மேல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை தூரிகையில் துளி எடுத்துப் பூசுவது எச்சில் பட்டதும் ஒட்டிக்கொள்ளும், அது வேறு கணக்கு. காவி விழுந்த பல்லுக்கும் சொத்தை வரும், ஃபுளோரோசிஸ், அதாவது இந்தத் தண்ணீர்க் காவி, இருக்கிறது என்பதற்காகச் சொத்தை விலகிப்போகாது. ஆனால் சின்னப் பிள்ளைகள் பேஸ்ட்டை விழுங்காமல் பார்க்கச் சொன்னார். ஆறு வயதுக்குள் பட்டாணி அளவுக்கு மேல் பிதுக்கக் கூடாது. விளம்பரத்தில் பிரஷ் நீளத்துக்குப் பாம்பு மாதிரி வளைத்து வைப்பார்களே, அது பேஸ்ட் தீர்வதற்கு.

இன்னொன்றும் சொன்னார், அதைக் கேட்டதும் எனக்கு மஞ்சள் சீட்டு ஞாபகம் வந்தது. ஆறு வயது வாக்கில் பால்பல் வரிசைக்குப் பின்னால் ஒரு கடைவாய்ப்பல் முளைக்கும். எந்தப் பல்லும் விழாமல் சத்தமில்லாமல் வருவதால் பெற்றோர் அதையும் பால்பல் என்றே நினைத்துவிடுவார்கள். அதுதான் ஆயுசுக்கும் நிற்க வேண்டிய பல். மேலே நிறைய பள்ளம் இருக்கும், மிட்டாய் போய் உட்காரும். சொத்தையானால், 'விழப்போற பல்லுதானே' என்று விட்டுவிடுவோம். அந்தப் பள்ளத்தை முன்கூட்டியே மெழுகி மூடிவிடலாம், ஊசி இல்லை, துளை போடுவதில்லை. பால்பல்லும்கூடச் சும்மா இல்லை. பின்னால் இருப்பவை பத்துப் பன்னிரண்டு வயது வரை நின்று, வரப்போகிற பல்லுக்கு இடம் பிடித்து வைத்திருக்கும். பஸ்ஸில் துண்டு போடுகிற மாதிரி என்று தலைவி அக்கா சொன்னார். அவர் பயம் போய்விட்டது என்று அப்போது தெரிந்தது.

இலங்கையில் பள்ளி வளாகத்திலேயே பல் சிகிச்சை நிலையம் இருக்கிறது. பிள்ளைகளுக்கு மட்டும் பார்க்கப் பயிற்சி பெற்ற சிகிச்சையாளர் அங்கேயே இருப்பார். நியூசிலாந்தில் 1921-இலேயே இதற்கென்று பெண்களுக்குப் பயிற்சி கொடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். நமக்கு அப்படி ஒன்று இருந்தால் நானும் தலைவி அக்காவும் வளைவில் வாந்தியை அடக்கிக்கொண்டு போயிருக்க வேண்டியதில்லை. இல்லாததால் இருப்பதில் பார்க்க வேண்டியிருக்கிறது.

கல்லூரிக்குக் குழு சார்பில் ஒரு கடிதம் எழுதினோம். தலைமை ஆசிரியை வட்டாரக் கல்வி அலுவலரிடம் அனுமதி வாங்கினார். கடிதத்தில் நாங்கள் கேட்டவற்றில் பெரியது ஒன்றுதான்: இந்த வருஷம் முழுப் பள்ளியையும் பார்க்க வேண்டாம். ஒன்று, இரண்டு, ஆறாம் வகுப்பு மட்டும் பாருங்கள், ஆனால் கண்டுபிடித்த ஒவ்வொரு சொத்தையையும் முடித்துவிட்டுப் போங்கள். எத்தனை பேரைப் பார்த்தீர்கள் என்பது எங்களுக்கு வேண்டாம், எத்தனை பேர் முடிந்தார்கள் என்று மாதாமாதம் ஒரு தாள் வேண்டும். அவர்களுடைய மக்கள் தொடர்பு ஆள், "எண்ணிக்கை கம்மியா தெரியுமே மேடம்" என்று இழுத்தார். கம்மியாகத் தெரியட்டும் என்று எழுதிக் கொடுத்தோம்.

மற்றவை சின்னவை. சம்மதப் படிவம் தமிழில், கைநாட்டு வைப்பவர்களுக்குப் படித்துக் காட்ட வேண்டும். பஸ்ஸில் ஒரு டீச்சரும் ஒரு அம்மாவும் கூடப் போவார்கள். பிள்ளைகளின் முகம் தெரிகிற படம் எடுக்கக் கூடாது. பல்லைப் பிடுங்குவதாக இருந்தால் வீட்டுக்குப் போன் போடாமல் பிடுங்கக் கூடாது. இதை ஏன் சேர்த்தோம் என்றால், பிடுங்குவது சுலபம், அடைப்பது மெனக்கெட்ட வேலை. அவசரத்தில் சுலபமானது நடந்துவிடும். ஆர்.பி.எஸ்.கே. குழுவின் டாக்டரிடமும் சொத்தை இருந்த பிள்ளைகளின் பட்டியலில் ஒரு பிரதி கொடுத்தோம். கல்லூரி நாளைக்குப் பஸ்ஸை நிறுத்திவிட்டாலும் அரசுப் பதிவேட்டில் பெயர் இருக்கட்டும் என்று.

எல்லாம் சரியாகப் போனதா என்றால், இல்லை. படிவத்தில் ஒரு மருந்துக்கு மட்டும் நாங்கள் சரியாக விளக்கம் கேட்காமல் விட்டோம். எஸ்.டி.எஃப். என்கிறார்கள், வெள்ளிச் சத்து கலந்த திரவம். சொத்தையில் தொட்டு வைத்தால் சொத்தை பரவுவது நின்றுபோகும். வலி கிடையாது. உலக சுகாதார நிறுவனம் 2021-இல் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்த மருந்து. எல்லாம் நல்லதுதான், ஆனால் தொட்ட சொத்தை கரிக்கட்டை மாதிரி கறுத்துவிடும். ஒன்றாம் வகுப்புப் பெண் பிள்ளை ஒன்றுக்கு முன்பல் இரண்டில் வைத்து அனுப்பிவிட்டார்கள். படிவத்தில் 'நிறம் மாறலாம்' என்று இருந்தது, அம்மா கையெழுத்தும் இருந்தது. ஆனால் மறுநாள் பள்ளி வாசலில் வந்து நின்றது அம்மா இல்லை, பிள்ளையின் பாட்டி, எங்கள் பேச்சில் ஆயா.

"பொட்டப் புள்ள வாயில கரியப் பூசி அனுப்பியிருக்கீங்களே, யாருடி அவ கமிட்டிக்காரி?"

கமிட்டிக்காரி நான்தான். அது பால்பல், ஒரு வருஷத்தில் விழுந்துவிடும் ஆயா என்று சொன்னேன். ஆயா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். "உனக்கும் அப்படித்தான் சொன்னாங்களா?" என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. அடுத்த வாரத்திலிருந்து எஸ்.டி.எஃப். வைத்த பல்லின் போட்டோ ஒன்றைச் சம்மதப் படிவத்தோடு சேர்த்துத் தைக்கிறோம். கறுப்பு எப்படி இருக்கும் என்று பார்த்துவிட்டுத்தான் கையெழுத்து. பார்த்த பிறகு முன்பல்லுக்கு வேண்டாம் என்கிறவர்கள் பாதிப் பேர். பின்பல்லுக்கு யாரும் மறுப்பதில்லை.

வருஷக் கடைசியில் வந்த தாளில் மூன்று வகுப்பிலும் சேர்த்துச் சொத்தை இருந்தவர்கள் 43 பேர். முடிந்தவர்கள் 36. மீதி ஏழில் இரண்டு குடும்பம் செங்கல் சூளைக்குப் போய்விட்டது. ஒரு பையன் பஸ் கிளம்பும் போதெல்லாம் காணாமல் போகிறான், கழிப்பறைக்குப் பின்னால் இருக்கிற வேப்பமரத்தில் இருப்பது எல்லோருக்கும் தெரியும். ஒரு அப்பா கடைசி வரை கையெழுத்துப் போடவில்லை. மற்ற மூவருக்கு வேர் சிகிச்சை பாதியில் நிற்கிறது; மாணவர்களுக்குத் தேர்வு, ஜூனில் பஸ் வரும் என்றார்கள். ஜூன் இரண்டாம் வாரம் நான் மூன்று முறை போன் போட்ட பிறகு வந்தது.

என் மகனுக்கு வட்டம் போட்ட மூன்றில் இரண்டை அடைத்தார்கள், அதில் ஒன்று அந்த ஆறு வயதுப் பல். மூன்றாவது, பால்பல், சீட்டு பையில் கிடந்த ஏழு மாதத்தில் வேர் வரைக்கும் போயிருந்தது. போன் வந்தது, சரி என்றேன். பிடுங்கிய பல்லைப் பஞ்சில் சுற்றி அவன் கையில் கொடுத்து அனுப்பியிருந்தாள் அந்த மாணவி. சாணியில் வைத்துக் கூரைமேல் எறிந்தால்தான் புதுப் பல் நேராக முளைக்கும் என்று என் மாமியார் சாணியோடு வாசலில் நின்றார். எங்களுடையது ஒட்டுத்திண்ணை வைத்த தார்சு வீடு. முதல் தடவை கைப்பிடிச் சுவரில் பட்டுத் திரும்பி வந்து தொட்டித் தண்ணீரில் விழுந்தது. இரண்டாவது தடவை எங்கே போனது என்று தெரியவில்லை. பக்கத்து வீட்டு ஓட்டின் மேல்தான் சத்தம் கேட்டது.